குடியிருப்போர் நலச் சங்க ஆண்டறிக்கை: தெருப் புழுதியும் ஒரு பூங்காவும்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடியது. எரியாத தெருவிளக்குகள் பற்றி மனு கொடுத்தோம், முக்கால்வாசி எரிகின்றன. பொங்கல் விளையாட்டுகளும் குடியரசு தினக் கொடியேற்றமும் நன்றாக நடந்தன. கோலப் போட்டி நடுவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், ஒருவர்கூட முகம் சுளிக்காத தீர்ப்பு சொன்னார்கள். நட்ட கன்றுகளில் வேம்பும் புங்கனும் பிழைத்தன, மகிழம் ஆட்டுக்குப் போனது. கூண்டு இல்லாமல் இனி கன்று நட வேண்டாம் என்பது என் கருத்து. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி இந்த ஆண்டின் பெரிய விஷயம். அது புழுதி.

பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்க நம் தெருக்களைத் தோண்டினார்கள், மண்ணைப் போட்டு மூடினார்கள், தார் போடுவது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அடிவாரத்தில் இருக்கும் நமக்குச் சாயங்காலக் காற்று மலையிலிருந்து இறங்கி வருவது ஒரு கொடுப்பினை. அந்தக் காற்றே இந்த ஆண்டு எதிரியாகிவிட்டது. காயப்போட்ட துணி செம்மண் நிறமானது. குழந்தைகளுக்கு இருமல் விடவில்லை. வாசல் தெளித்த ஈரம் காயுமுன் மறுபடி புழுதி படிந்தது. சங்கம் என்ன செய்கிறது என்று என்னைக் கேட்காத வீடு இல்லை, அந்தக் கோபம் நியாயமானதுதான்.

அப்போதுதான் நமக்கு வேண்டிய லாரிப் பட்டறைக்காரர் ஒருவர் உதவ முன்வந்தார். "பேரல் பேரலா வேஸ்ட் ஆயில் கிடக்குதுங்க, சும்மாவே தர்றேன். டிராக்டர்ல வெச்சு ஒருதடவ அடிச்சு விட்டீங்கன்னா ஆறு மாசத்துக்குப் புழுதி எழாதுங்க" என்றார். நல்ல மனதோடு சொன்ன யோசனை. செயற்குழுவில் வைத்தோம், ஒருவரும் மறுக்கவில்லை. "ஏகமனதாக நிறைவேறியது" என்று தீர்மானப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன். இதற்கு முன்பும் கொசுவுக்காகக் காலி மனைகளில் தேங்கிய தண்ணீரில் கேன் கேனாகப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றியிருக்கிறோம். முன்னால் நின்று ஊற்றியவன் நான். அதனால் இதில் தவறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. டிராக்டர் ஏற்பாடு மட்டும் நான் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு என்று தள்ளிவைத்தோம்.

மகன் இருப்பது மிசோரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றோரமாக நடக்க நல்ல இடம் என்று எங்களை ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனான். அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66 பெயரில் உள்ள மாநிலப் பூங்கா அது. மெராமெக் என்ற ஆற்றை ஒட்டி 400 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. நிழலான மரங்கள், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் குதிரையில் போகவும் பாதைகள். ஆற்றின் மேல் 1932இல் கட்டிய பாலம் தளம் இல்லாமல் வெறும் இரும்புச் சட்டமாக நிற்கிறது. அதனால் தகவல் மையத்திலிருந்து எதிர்க்கரையில் உள்ள பூங்காவுக்குக் காரில் சுற்றித்தான் போக வேண்டும். என் மனைவி, "நம்ம ஊர்ல இப்படி ஒரு இடம் இருந்தா தினமும் வரலாம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு இடத்தில் புல் மூடிய நீளமான மேடு இருந்தது. ஏரிக்கரை மாதிரி இருக்கிறதே, பக்கத்தில் ஏரி இல்லையே என்று மகனிடம் கேட்டேன். அவன் சொன்ன பதில், "அதுக்குள்ளதாம்ப்பா ஊர் இருக்கு."

அந்த ஊரின் பெயர் டைம்ஸ் பீச். 1925இல் செயின்ட் லூயிஸ் நாளிதழ் ஒன்று, ஆறு மாதச் சந்தாவோடு சேர்த்து ஆற்றோரத்தில் 20க்கு 100 அடி மனை ஒன்றை அறுபத்தேழரை டாலருக்கு விற்றது. கோடையில் வந்து தங்கிப் போகும் இடமாகத் தொடங்கி, பிறகு நிரந்தரமாகக் குடியேறினார்கள். 1980 வாக்கில் 2,000 பேர் இருந்தார்கள். சாதாரணக் குடும்பங்கள். ஊராட்சியிடம் காசு இல்லை, தெருக்களுக்குத் தார் இல்லை, புழுதி தாங்க முடியவில்லை. இதைப் படிக்கும்போது நம் மூன்றாவது குறுக்குத் தெருதான் என் கண்முன் வந்தது.

1972இல் அவர்கள் ஒரு கழிவு எண்ணெய்க்காரரை அமர்த்தினார்கள். கேலனுக்கு 6 சென்ட் கூலியில் பழைய ஆயிலைத் தெருவில் தெளிக்க வேண்டும் என்பது பேச்சு. நான்கு ஆண்டுகள் தெளித்தார். புழுதி அடங்கியது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அவர் பட்டறைகளில் மட்டும் எண்ணெய் எடுக்கவில்லை. அதே மாநிலத்தில் வெரோனா என்ற ஊரில் இருந்த ஒரு ரசாயன ஆலையின் கழிவையும் ஏற்றி வந்து, ஆயிலோடு கலந்திருந்தார். சோப்பில் சேர்க்கும் கிருமிநாசினி ஒன்றைத் தயாரிக்கும்போது மிஞ்சிய கசடு அது. அதில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு இருந்தது. தனக்கு அது தெரியாது என்றே அவர் கடைசிவரை சொன்னார். அதை நான் நம்புகிறேன். நம் பட்டறைக்காரருக்கும் எந்தெந்த லாரியிலிருந்து எது வடிந்து அந்தப் பேரலில் சேர்ந்தது என்று தெரியாது.

டைம்ஸ் பீச்சுக்கு முந்தியே, 1971இல், வேறொரு ஊரில் குதிரை லாயத் தரையில் புழுதி அடங்க அவர் இதே ஆயிலைத் தெளித்திருந்தார். சில நாளில் குருவிகள் கூரையிலிருந்து செத்து விழுந்தன. 60 குதிரைகளுக்கு மேல் போயின. அந்த வீட்டுப் பெண் குழந்தை ஒன்றை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. மண்ணில் இருப்பது டையாக்சின் என்று மருத்துவ ஆய்வாளர்கள் கண்டறிய 1974 ஆகிவிட்டது. டைம்ஸ் பீச் மக்களுக்கு விஷயம் எட்டியது 1982 கடைசியில்.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் அரசு ஆட்கள் கவச உடையில் வந்து தெருமண்ணை அள்ளிப்போனார்கள். அள்ளி முடித்த ஓரிரு நாளில், டிசம்பர் 5ஆம் தேதி, மெராமெக் கரையுடைத்து ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் வடிந்து, சேற்றை வாரிக் கழுவிக்கொண்டிருந்தபோது, டிசம்பர் 23ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு முடிவு வந்தது. உள்ளே இருப்பவர்கள் கிளம்புங்கள், வெளியே போனவர்கள் திரும்பாதீர்கள். 1983 பிப்ரவரியில் ஊர் முழுவதையும் அரசே விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. மூன்று கோடி டாலருக்கு மேல் செலவு. 1985இல் ஊராட்சி கலைக்கப்பட்டது. ரூட் 66 நெடுஞ்சாலையை அமெரிக்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் அதே ஆண்டில்தான்.

இந்த நஞ்சு தண்ணீரில் கரையாது, மண் துகளைப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் கிடக்கும், உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கும். மழை பெய்தால் அடித்துப் போய்விடும் என்று நாம் சொல்லிக்கொள்வது இதற்குச் செல்லாது. கடைசியில் அங்கேயே பெரிய எரிஉலை கட்டி, 1996, 97ஆம் ஆண்டுகளில் அந்த ஊர் மண்ணோடு இன்னும் 26 இடங்களின் மண்ணையும் கொண்டுவந்து, 2,65,000 டன் எரித்தார்கள். வீடுகளை இடித்துப் புதைத்ததுதான் நாங்கள் பார்த்த மேடு. 1999இல் பூங்கா திறந்தது. 2012இல் மண்ணை மறுபடி சோதித்து, வந்து போகிறவர்களுக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

தகவல் மையமாக இருப்பது 1935இல் சாலையோர விடுதியாகக் கட்டிய கட்டிடம். உள்ளே ரூட் 66 கதையோடு டைம்ஸ் பீச்சின் கதையும் இருக்கிறது. அந்தப் படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். வெளியே ஒரு பெண் தன் மகளோடு குதிரையில் போய்க்கொண்டிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அன்று இரவே, நம் ஊரில் விடிந்துவிட்டதா என்று பார்த்துப் பொருளாளருக்கு போன் செய்தேன். பட்டறைக்காரருக்கு அட்வான்ஸ் ஏதும் கொடுக்கவில்லையே, டிராக்டருக்குச் சொல்லவில்லையே என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

உறுப்பினர்கள் சிலர், அங்கே கலந்தது ஆலைக் கழிவு, நம்முடையது வெறும் எஞ்சின் ஆயில்தானே என்று கேட்டார்கள். சரியான கேள்வி. டையாக்சின் நம் பேரலில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடித் தேய்ந்த எஞ்சினின் ஆயிலில் உலோகத் துகளும் எரிபொருள் கசடும் இருக்கும். நம் தெருவில் அது இறங்கினால் அடுத்து கிணறும் போர்க்குழாயும்தான். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளில் பழைய ஆயில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரரை நேரில் பார்த்து இதைப் பேசினேன். அவர் வருத்தப்படவில்லை. "தெரிஞ்சிருந்தா நானே சொல்லியிருக்க மாட்டேனுங்க" என்றார். பழைய தீர்மானத்தை ரத்து செய்து, தார் போடும்வரை காலையும் மாலையும் தண்ணீர் லாரி விடுவது என்று முடிவெடுத்தோம். இந்த ஆண்டுச் செலவில் பெரிய தொகை அதுதான். பொருளாளர் வாசிக்கும்போது யாரும் திடுக்கிட வேண்டாம். தார் இப்போது இரண்டு தெருவுக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பையையும், உள்ளிருக்கும் செம்புக்காக வயரையும் கொளுத்தினால் அந்தப் புகையிலும் டையாக்சின் உண்டாகிறது. நம் நகரின் கிழக்கு மூலையில் இரவில் எரியும் நாற்றம் யாருக்கும் புதிதல்ல. இளைஞர் அணி பேசிப் பார்த்ததில் ஓரளவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இந்த விஷயத்தில் தயவு பார்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டூருக்குச் சுற்றுலா போனோம். இரண்டு பஸ் நிரம்பியது. அணைப் பூங்காவில் குழந்தைகள் விளையாடினார்கள், மதியம் மீன் சாப்பிட்டோம். அங்கே குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து டைம்ஸ் பீச் கதையைச் சொன்னேன். மேட்டூர் அணை வேலை தொடங்கியதும் அதே 1925இல்தான், முடிந்தது 1934இல். அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியிலும் ஊர்கள் இருக்கின்றன. தண்ணீர் நன்றாக வற்றும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். நாங்கள் போனபோது அணை தளும்பி நின்றது, ஒன்றும் தெரியவில்லை. நம் இரண்டாவது தெரு அம்மா ஒருவர் தண்ணீரைப் பார்த்துக் கைநீட்டி, "எங்க தாத்தா காடு அதுக்குள்ளதான் இருக்குது" என்றார். அவர் அதைப் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மா காட்டிய திசை அது. மூழ்கப்போகிறது என்று தெரிந்து, ஊர்ப் பெயரைக் கையோடு எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். டைம்ஸ் பீச்காரர்கள் பலர் வீட்டுச் சாமான்களைக்கூட விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டுமே இடம்பெயர்வுதான், ஆனாலும் இரண்டாவதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே ஊரை அழித்தது, தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஊரே சேர்ந்து செய்த ஒரு காரியம்.

திரும்பி வரும் வழியில் ஒரு பள்ளிப் பிள்ளை, "நம்ம தெருவுக்கு அடியில என்ன தாத்தா இருக்கு?" என்று கேட்டது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியால்தான் சங்கத்தில் இப்போது ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் சில பக்கங்கள். மனை போடுமுன் அது என்ன நிலம், எங்கே கிணறு இருந்து மூடினார்கள், எதைக் கொட்டி மூடினார்கள், வெள்ளிப் பட்டறை எங்கே இருந்தது, சாயத் தண்ணீர் எந்த ஓடையில் போனது, நாங்கள் ஆயில் ஊற்றிய காலி மனைகள் எவை. கடைசியாகச் சொன்னதை முதல் பக்கத்தில் என் பெயரோடு எழுதியிருக்கிறேன். அந்த மனைகளை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் நல்லதோ கெட்டதோ அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

நோட்டு வழக்கமாகச் சங்க அறை அலமாரியில் இருக்கும், சாவி என்னிடமும் துணைச் செயலாளரிடமும் உண்டு. முதல் இரண்டு தெருக்களுக்குப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல நிறைய எழுதிவிட்டோம். மூன்றாவது குறுக்குத் தெருவுக்கும், ஓடையை ஒட்டிய வீடுகளுக்கும் பக்கம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் பகுதியில் முப்பது நாற்பது ஆண்டுகளாக இருப்பவர்கள் இன்று இங்கே வந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகுமுன் என்னிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போங்கள், நோட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்