செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். பனி கொட்டிய பிப்ரவரி தவிர, இண்டியானாபொலிஸில் நம் வாசகர் வட்டம் மாதந்தோறும் கூடியது. பொங்கலும் பிள்ளைகளின் கதை நேரமும் வழக்கம்போல் நடந்தன.

அதிகம் பேர் வந்தது கார்ல் ஃபிஷர் பற்றிய கூட்டத்துக்குத்தான். மே வந்தால் ஊரே கார் பந்தயப் பேச்சாக இருக்கிறது. பந்தயத் திடலைக் கட்டியவரின் பெயர் நம்மில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. 1874இல் இதே மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க்கில் பிறந்தவர். பார்வை மோசம். 12 வயதில் பள்ளியை விட்டவர், சைக்கிள் கடை போட்டார். முதலில் சைக்கிளிலும் அப்புறம் காரிலும் பந்தயம் ஓட்டினார். 1908இல் பலூனில் ஒரு காரைக் கட்டி, அதில் உட்கார்ந்து ஊருக்கு மேலே பறந்தார். எடை குறைய எஞ்சினைக் கழற்றிவிட்டார்களாம். ஊருக்குள் திரும்ப ஓட்டிவந்தது வேறு கார்!

1909இல் மூன்று கூட்டாளிகளோடு திடலைத் திறந்தார். ஜல்லியும் தாரும் போட்ட தளம் ஆகஸ்ட் பந்தயத்திலேயே பெயர்ந்து, 5 உயிர்கள் போயின. இவரைக் கொண்டாடத்தான் வேண்டுமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் 32 லட்சம் செங்கல் பதித்துத் தளத்தையே மாற்றினார்கள். இன்று முடிவுக்கோட்டில் ஒரு கெஜ அகலத்துக்கு மிஞ்சியிருக்கும் அந்தச் செங்கலைச் செப்டம்பர் சுற்றுலாவில் தொட்டுப் பார்த்தோம்.

1912இல் அமெரிக்காவின் குறுக்கே ஒரு சாலை போடலாம் என்றார் ஃபிஷர். நியூயார்க் முதல் சான் ஃபிரான்சிஸ்கோ வரை 3,389 மைல். அதுதான் லிங்கன் நெடுஞ்சாலை. கார் கம்பெனிகளிடம் 1 கோடி டாலர் திரட்டப் பார்த்தார். சாலை போடுவது அரசின் வேலை என்று சொல்லி ஹென்றி ஃபோர்டு பணம் தர மறுத்துவிட்டார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இதை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாலை ஃபிஷரின் ஊரைத் தொடாமல் மாநிலத்தின் வடக்கே போய்விட்டது. அவரே தொடங்கிய டிக்சி நெடுஞ்சாலைதான் இங்கே வந்து, தெற்கே மயாமி வரை போனது. அங்கே அலையாத்திக் காட்டை வெட்டி, மண் கொட்டி, மயாமி பீச்சை எழுப்பினார். 1926 புயலிலும் 1929 பங்குச்சந்தைச் சரிவிலும் சொத்தெல்லாம் கரைந்தது. 1939இல் அங்கேயே காலமானார். கல்லறை நம் ஊர் கிரவுன் ஹில்லில் இருக்கிறது.

வரும் ஆண்டில் நம் மாநிலத்தின் டயர் (Dyer) என்ற ஊரில் இருக்கும் பழைய லிங்கன் சாலைத் துண்டைப் பார்க்கப் போகலாம் என்று செயற்குழு கருதுகிறது. வண்டி தர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.