சைக்கிள்ல போறப்ப எடுக்குற படங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். உங்க ஞாயிறு பக்கத்துல வாசகர்கள் எடுத்த போட்டோ வருதே, அதுல கிராமத்து ரோட்டுல சைக்கிள் ஓட்டிட்டே எடுக்குற படங்களுக்கும் கொஞ்சம் இடம் குடுங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன். கார்ல போனா பாதி கண்ணுல படாம போயிடும், நடந்தா ரொம்ப தூரம் போக முடியாது, சைக்கிள்ல மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல போறப்பதான் வரப்பு, வாய்க்கால், ஒத்த மரம்னு எல்லாம் கண்ணுல விழும், நினைச்ச இடத்துல கால ஊனி நின்னுக்கலாம்.

ஒரே ரூட்ல திரும்பத் திரும்ப போறதுதான் எனக்குப் பிடிச்சது. ஏன்னா சூரியன் உதிச்ச முதல் ஒரு மணி நேரத்துல வெளிச்சம் சாய்வா வரும், அப்ப உழுத மண்ணோட ஒவ்வொரு சாலும் நிழலோட தனியா தெரியும், அதே வயல உச்சி வெயில்ல எடுத்தா தட்டையா வெளிறிப் போயிருக்கும். மழை விட்ட மறுநாள் தூசி அடங்கி தூரத்து மலை கூட பளிச்சுன்னு இருக்கும். மொபைல் கேமரா வைடா எடுக்குறதால அந்த மலை படத்துல குட்டியாயிடும், 2எக்ஸ், அதாவது ரெண்டு மடங்கு ஜூம் வச்சு எடுத்துப் பாருங்க.

ஓட்டிக்கிட்டே ஒரு கையில மொபைல் பிடிச்சு எடுக்குறது மட்டும் வேண்டவே வேண்டாம், ரோட்ட விட்டு இறங்கி நின்னு எடுங்க. வேலை செய்றவங்க முகம் விழுந்தா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும். படம் போடுறப்ப மாசமும் நேரமும் சேத்துப் போட்டா, அதே ரோட்டுல போறவங்களுக்கு எப்ப கிளம்பணும்னு தெரியும்.