சர்ச்சைப் பேச்சை முழுமையாக அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் தலைவர் ஒருவரின் பேச்சு சர்ச்சையாகும்போதெல்லாம் கண்டனங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அவர் என்னதான் பேசினார் என்பது மட்டும் முழுமையாக வருவதில்லை. இந்தக் குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே எழுதுகிறேன்.

2018 செப்டம்பரில், எங்கள் பக்கத்துத் திருமயம் அருகே, விநாயகர் ஊர்வலம் தொடர்பாகக் காவல்துறையினரோடு வாக்குவாதம் செய்த பா.ஜ.க.வின் எச். ராஜா, உயர் நீதிமன்றத்தை இழிவாகப் பேசிய காணொளி பரவியது. அது வெட்டி ஒட்டப்பட்டது என்று முதலில் மறுத்தவர், அடுத்த மாதமே நீதிமன்றத்தில் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரினார். காணொளி உண்மையா, ஒட்டுவேலையா என்பது செய்தியாளர்கள் விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். ஆனால் காரைக்குடித் தேநீர்க் கடைகளில் அப்போது நடந்த வாதமெல்லாம், எந்தத் தொலைக்காட்சி யாருடையது என்பதைப் பற்றித்தான்.

2023 செப்டம்பரில், அப்போது அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், டெங்கு, மலேரியாவைப் போலச் சனாதனத்தையும் ஒழிக்க வேண்டும் என்று சென்னையில் பேசினார். ஒரு தரப்பு அதை இனப்படுகொலைக்கான அழைப்பு என்றது. மறு தரப்பு, பேச்சு திரிக்கப்பட்டுவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டது. அமைச்சர் பொறுப்பில் இருப்பவர் பின்விளைவை அறிந்து பேச வேண்டாமா என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கேட்டது நியாயமான கேள்வி என்றே கருதுகிறேன். அந்தக் கேள்வியை எடைபோட வேண்டிய வாசகனிடம் பேச்சின் முன்னும் பின்னும் இருக்க வேண்டுமல்லவா?

படிப்பகத்தில் இரண்டு நாளிதழ்களை அருகருகே விரித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒன்றில் 'கொந்தளிப்பு' என்று தலைப்பு. மற்றதில் 'விளக்கம்' என்று தலைப்பு. இரண்டிலுமே சர்ச்சைக்குரிய அந்த வாக்கியம் நான்காவது பத்தியில் அரை வரியாக, மூன்று புள்ளிகளுடன் முடிந்துவிடுகிறது. அந்தப் புள்ளிகள் விழுங்கியதைத்தான் நாங்கள் காசு கொடுத்துத் தேடுகிறோம்.

சார்பு இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. காரைக்குடியிலிருந்து வெளிவந்த 'குமரன்', 'ஊழியன்' போன்ற இதழ்கள் சீர்திருத்தத்தின் பக்கம் வெளிப்படையாக நின்றவைதாம். முரசொலியை வாங்குகிறவருக்கும் அது யாருடைய ஏடு என்று தெரியும். நடுநிலை என்று அறிவித்துக்கொண்டு, தலைப்பிலும் படத்திலும் எவருடைய கண்டனம் முதலில் வர வேண்டும் என்ற வரிசையிலும் சார்பை ஒளித்துவைப்பதுதான் வாசகனை ஏமாற்றும் செயல்.

இதைத் தட்டிக்கேட்க 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்தியப் பத்திரிகை மன்றம் இருக்கிறது. எனினும் அதனால் கண்டிக்க முடியுமே தவிர அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சிகள் அதன் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. ஆகவே ஆசிரியர் குழுக்கள் தாமாக முன்வந்தால்தான் உண்டு.

தங்கள் நாளிதழாவது இதைத் தொடங்க வேண்டுகிறேன். சர்ச்சைக்குரிய வாக்கியத்தை, அதற்கு முன்னும் பின்னும் பேசியவற்றோடு, எங்கே, எந்தக் கூட்டத்தில் பேசப்பட்டது என்ற விவரத்துடன் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். கண்டனங்கள் அதன் கீழே வரட்டும். பேசியவர் பின்னர் மறுத்தாலோ மன்னிப்புக் கேட்டாலோ, முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி.