பரணில் ஏற்றாதே, இப்போதே விற்றுவிடு

சத்துவாச்சாரி,
தை முதல் வாரம்

அன்பு மச்சானுக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து மட்டும் இன்னும் ஒரு வாரம் விட வேண்டும், உன்னை விசாரித்தார்.

உன் பழைய கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் மொத்த செட்டையும் 6,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு புதுசு தருகிறேன் என்றாராமே, தயவுசெய்து இப்போதைக்குத் தலையாட்டிவிடாதே. என் பழைய ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கும் ஒரு கடையில் 7,000 தான் சொன்னார்கள். நான் தனித்தனியாகக் கழற்றி விற்றேன், 22,000 கைக்கு வந்தது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஸ்டுடியோ சும்மாதான் கிடக்கும், அதனால் அந்த மாதத்தையே இதற்கு ஒதுக்கினேன். எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் செய்தது, கழற்றுவதற்கு முன்பே ஆட்களை வரவழைத்து மெஷின் ஓடுவதைக் காட்டியதுதான். பழைய பொருள் வாங்க வருகிறவனுக்கு ஒரே பயம், வீட்டுக்குப் போய் மாட்டினால் ஓடுமா ஓடாதா என்பதுதான், கண் எதிரில் ஒரு கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டுக் காட்டினால் அப்புறம் அவன் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை. 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டை விஐடி கல்லூரிப் பையன் ஒருவன் 8,500க்கு எடுத்தான், ஓடைப் பிள்ளையார் கோயில் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மைனிங்ல ஓட்டினதா அண்ணா?" 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டை ஓட்டி நாணயம் ஈட்டும் அந்த மைனிங் முறையை விட்ட பிறகு இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன, அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை. 2020ல் வாங்கிய பில்லையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துவைத்தேன், இரண்டிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருந்தது, அதோடு பேச்சு முடிந்தது. அதனால் பெட்டிகளைத் தூக்கிப் போடாதே, உன் வீட்டில் இடம் இருக்கிறது.

ரைசன் 3600 பிராசஸரையும் அது உட்காரும் பி450 மதர்போர்டையும் பிரிக்காமல் சேர்த்தே 8,000க்குக் குடியாத்தம் ஸ்டுடியோக்காரர் ஒருவருக்குக் கொடுத்தேன். பிரிக்காததற்குக் காரணம் உண்டு. அந்த வகை பிராசஸரில் பின்கள் அதன் அடியிலேயே இருக்கும், அதன் மேல் சூட்டைத் தணிக்க மாட்டிய கூலரை நேராக இழுத்தால் இடையில் பூசிக் காய்ந்துபோன பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், நாலு பின் வளைந்தால் பொருளின் மதிப்பே போய்விடும். நீ கழற்றும்போது பத்து நிமிஷம் மெஷினை ஓடவிட்டுச் சூடாக்கு, அணைத்து வயரைப் பிடுங்கு, பிறகு கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடு.

ரேம்தான் நான் எதிர்பாராதது. 2025 கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏறியதால், ஆறாயிரத்துக்கு வாங்கிய 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஐந்து வருஷம் உழைத்த பிறகும் 5,500க்குப் போனது. நான் வாங்கிய புது போர்டு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேமை மட்டும்தான் ஏற்கும், அதனால் பழசை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அதே விலையேற்றத்தால் 32 ஜிபி வாங்கப் போன நான் 16 ஜிபியோடு திரும்பினேன், அது இன்னும் மனசில் இருக்கிறது.

விற்காதது ஹார்ட் டிஸ்க். ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் கேட்டார், மாட்டேன் என்றுவிட்டேன். எத்தனை குடும்பத்துப் பெண்பிள்ளைகளின் படம் அதில் இருந்தது, நம்பித்தானே நம்மிடம் எடுக்கச் சொன்னார்கள். சாதாரணமாக ஃபார்மட் அடித்தால் ஃபைல்கள் அழிவதில்லை, அவற்றின் மேல் வேறு எதையாவது எழுதாதவரை இலவச மென்பொருளை வைத்தே மீட்டுவிடலாம். உன்னுடையதில் ஊரார் ஜிஎஸ்டி கணக்கும் பான் நம்பரும் இருக்கும், யாருக்கும் கொடுக்காதே.

இன்னொன்று. விளம்பரம் பார்த்துவிட்டுப் பொருளையே பார்க்காமல் முழுப்பணமும் தருகிறேன் என்று ஒருவர் கூப்பிட்டார், ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்களுக்கு வந்துவிடும் என்றார். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் எதற்கு? உடனே வைத்துவிட்டேன். நேரில் வருபவருக்கு மட்டும் கொடு.

உன் மெஷினைப் பற்றி நிறைய யோசித்தேன். உன்னுடையதும் பி450 போர்டு, உள்ளே ரைசன் 2600, சரிதானே? அப்படியானால் டேலி கணக்கு மென்பொருளுக்காகப் புது செட்டே தேவையில்லை. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே போர்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு, அதே போர்டில் ரைசன் 5600ஐ மாட்டலாம், ரேமும் கேபினட்டும் அப்படியே இருக்கட்டும், 2600க்கு 2,000 கிடைத்தாலும் அந்த அளவுக்குச் செலவு குறைந்தது. ஆபீஸில் கிடக்கும் அந்த ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ3 கம்ப்யூட்டரைத்தான் முதலில் தள்ளிவிட வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றில் ஒருசிலவற்றைத் தவிர மற்றதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, நாள் ஆக ஆக அதன் விலை இறங்கத்தான் செய்யும். என் முதல் கம்ப்யூட்டரை, யாருக்காவது உதவும் என்று பரணில் ஏற்றி ஏழு கோடை வெயிலில் வேகவிட்டது உனக்கே தெரியும், கடைசியில் காயலான் கடையில் எடைக்குத்தான் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

முகூர்த்தம் தொடங்கிவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு மெஷினையும் காரில் போட்டுக்கொண்டு வா, சேர்ந்து கழற்றுவோம். பில்களையும் தேடி எடுத்து வை. வரும்போது ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா அரைக்கிலோ, அம்மா கேட்டார்.

உன் நண்பன்