மாஸ்டர் கீயை மாற்றியாயிற்று

அன்புள்ள மீனா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக ஜெயந்தி சொன்னாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் ப்ளஸ் டூ, ஆகவே டிவிக்குப் போர்வை போட்டாயிற்று. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். மீதி முழுக்க வேலைக் கதை. பாதியில் தூக்கிப் போடாதே, கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்த கெர்பரோஸ் சர்வர், அதாவது பாஸ்வேர்டைக் கொண்டு ஆளைச் சரிபார்த்து உள்ளே போக 'டிக்கெட்' கொடுக்கும் சர்வர், என் கைக்கு வந்துவிட்டது. "இன்னுமா அது ஓடுது?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. ஓடுகிறது, ஒரு குறையும் இல்லாமல். லேப் லாகின், என்எஃப்எஸ் வழியாக நெட்வொர்க்கில் திறக்கும் வீட்டு டைரக்டரிகள், பல இயந்திரங்களைச் சேர்த்த கிளஸ்டர் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. நீ கிளவுடுக்குப் போனதும் இதையெல்லாம் பழங்காலம் என்று ஒதுக்கிவிட்டாய். உங்கள் ஆபீஸில் விண்டோஸ் டொமைன் இருக்கிறதல்லவா? விண்டோஸ் 2000 முதல் அதற்குள் ஓடுவதும் இதே கெர்பரோஸ்தான். எம்ஐடியில் 1983-இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது, 1993-இல் ஐந்தாம் பதிப்பாக ஆர்எஃப்சி 1510 என்ற இணைய விதிமுறை ஆவணம் ஆனது, 2005-இல் ஆர்எஃப்சி 4120 ஆகத் திருத்தப்பட்டது. கிரேக்கக் கதையில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர்தானே இதற்கு, காலையில் நீ பாஸ்வேர்டு அடிக்கும்போது அந்த நாய்தான் வாசலில் நிற்கிறது.

சர்வரின் ஓஎஸ்ஸை மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாற்றுவதற்கு முன்னால் டேட்டாபேஸில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். கேடிபி5_யூடில் லிஸ்ட்_எம்கீஸ் என்று அடித்தால், மாஸ்டர் கீ டிஇஎஸ் என்ற பழைய, பலவீனமான குறியாக்க வகை என்று வருகிறது. டேட்டாபேஸ் பிறந்த அன்று வைத்த அதே கீ. எல்லோருடைய சாவிகளையும் மூடி வைத்திருக்கும் சாவி அது. 56 பிட். 1998-இல் இஎஃப்எஃப் அமைப்பு கட்டிய இயந்திரம் 56 மணி நேரத்தில் டிஇஎஸ் சாவி ஒன்றைக் கண்டுபிடித்தது, அடுத்த ஜனவரியில் ஒரு நாளுக்குள்ளேயே இன்னொன்றும் விழுந்தது. எம்ஐடியின் 1.18 பதிப்பில் டிஇஎஸ்ஸுக்கான நிரலையே எடுத்துவிட்டார்கள். அப்படியே ஓஎஸ்ஸை ஏற்றியிருந்தால் டிக்கெட் கொடுக்கும் நிரலான புது கேடிசியால் தன் டேட்டாபேஸைத் தானே திறக்க முடியாது.

கான்ஃபிக் ஃபைலில் 'அலோ_வீக்_கிரிப்டோ', அதாவது பலவீனமான குறியாக்கத்தையும் அனுமதி, என்று ஒரு வரி இருந்தது. யாராவது அலட்சியமாகப் போட்டிருப்பார்கள் என்று புதிதாக வந்த பையன் சொன்னான். எனக்கு அது பொறுக்கவில்லை. லினக்ஸ் கெர்னலின் என்எஃப்எஸ்ஸுக்கு 2.6.35 பதிப்பு வரும் வரைக்கும் டிஇஎஸ்ஸைத் தவிர வேறு தெரியாது. அந்த வரி இல்லாவிட்டால் அப்போது ஒரு மாணவனுக்கும் வீட்டு டைரக்டரி திறந்திருக்காது. சார் எதையும் காரணமில்லாமல் எழுதமாட்டார், உனக்கே தெரியும். காரணம் போன பிறகும் வரி தங்கிவிட்டது.

சரி, மாஸ்டர் கீயை எப்படி மாற்றினோம் என்று சொல்கிறேன். நீ எல்லாவற்றுக்கும் ஒரு பட்டன் தேடுவாய். இங்கே பட்டன் இல்லாததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கட்டளையும் ஒரு நிலைமை, அந்த நிலைமையில் நின்று மூச்சு விடலாம். முதலில் டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழுப் பிரதி. பிறகு ஆட்_எம்கீ, வலுவான ஏஇஎஸ் வகைப் புது கீ பழையதன் பக்கத்தில் வந்து உட்காரும், ஆனால் வேலைக்கு வராது. பிறகு கேப்ராப் கட்டளை வழியாக ரெப்ளிகாவுக்கு, அதாவது பிரதி சர்வருக்கு, அனுப்பி, அங்கே லிஸ்ட்_எம்கீஸ் அடித்து, புது கீ வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்து, அந்த இயந்திரத்திலும் மாஸ்டர் கீயை வைத்திருக்கும் ஸ்டாஷ் ஃபைலைப் புதிதாக எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் புது கீயை வேலைக்கு எடுக்கும் யூஸ்_எம்கீ. அப்புறம் எல்லோருடைய சாவிகளையும் புது கீயால் மூடும் அப்டேட்_பிரின்க்_என்கிரிப்ஷன், முதலில் மைனஸ் என் போட்டு ஒத்திகை. எத்தனை பேரை மாற்றப்போகிறது என்று அது சொல்லும், அந்த எண்ணிக்கை நம் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். நிஜமாக ஓடி முடிந்ததும் மறுபடியும் ரெப்ளிகாவுக்கு அனுப்பினோம்.

இதுவரைக்கும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். கடைசியில் வரும், பழைய கீயை நீக்கும் பர்ஜ்_எம்கீஸ் மட்டும்தான் திரும்ப முடியாத படி. பழைய மாஸ்டர் கீ போய்விட்டால் பழைய ஸ்டாஷ் ஃபைலால் புது டேட்டாபேஸைத் திறக்க முடியாது. அதே சமயம் பழைய டம்ப்களைத் திறக்கப் பழைய கீதான் வேண்டும். பழைய பேக்அப் ஒன்றாவது மிச்சமிருக்கும் வரை பழைய மாஸ்டர் கீயையும் எங்காவது பத்திரமாக வைத்திருக்கத்தான் வேண்டும். இதைச் சொன்னபோது மீட்டிங்கில் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நான் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும் மூடி மட்டும்தான் புதிது. உள்ளே இருக்கும் ஆட்களின் சாவிகள் பழசுதான். கேடிசியிடம் யாருடைய பாஸ்வேர்டும் கிடையாது, பாஸ்வேர்டிலிருந்து கடைந்தெடுத்த சாவி மட்டும்தான் உண்டு. டிஇஎஸ் சாவியை ஏஇஎஸ் சாவியாக மாற்ற கட்டளை எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆள் வந்து பாஸ்வேர்டை அடித்தால்தான் புது சாவி பிறக்கும். அதுவும் ஓஎஸ் மாறுவதற்கு முன்னால் நடந்தாக வேண்டும். பழைய சாவி மட்டும் வைத்திருப்பவர் பாஸ்வேர்டை மாற்றுவதற்கே பழைய சாவியைக் காட்டித்தானே உள்ளே வர முடியும்?

டேப்டம்ப்பில் கீஇன்ஃபோ கேட்டால் யார் யாருக்கு எந்த வகைச் சாவி என்று அழகாக வரிசையாகக் கொட்டுகிறது. பார்த்துக்கொண்டே போனேன். நமக்கு வைவா எடுத்தவர்கள் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் வைத்த பாஸ்வேர்டு. நம் தெர்மோடைனமிக்ஸ் மேடமும்தான்! ஒவ்வொருவருக்கும் காலாவதித் தேதி வைத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்து, சிலர் அறைக்கே போய் நின்று மாற்றவைத்தோம். மேடம் உன்னைக் கேட்டார்கள். இப்போதாவது நேரத்துக்கு வருகிறாளா என்றார்கள்.

ஆட்களுக்கு அல்லாமல் சர்வர்களின் சேவைகளுக்கு உரிய சர்விஸ் கீக்களில் ஒரு மாலை முழுக்கப் போயிற்று. ஒரு ஆராய்ச்சி மாணவர் கிளஸ்டரின் இரண்டாவது நோடிலும் அதே பிரின்சிபலுக்கு (கெர்பரோஸில் கணக்கின் பெயர் அது) கேடி_ஆட் அடித்துவிட்டார். சர்விஸின் சாவி இருக்கும் கீடேப் ஃபைலைப் பிரதி எடுக்கும் கட்டளை என்று நினைத்திருக்கிறார். அது ஒவ்வொரு முறையும் புது சாவி உண்டாக்கி, பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிவிடும். முதல் நோட் வைத்திருந்தது அந்த நிமிடமே பழசாகிவிட்டது. எல்லோரும் நெட்வொர்க் கேபிளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். கேவிஎன்ஓ என்ற அந்தப் பதிப்பு எண்ணை இரண்டு பக்கமும் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த மாணவன் பயந்துபோய்விட்டான். உட்காரவைத்து முழுசும் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு இதில் உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது மீனா, கேட்கும் கேள்விகள் அப்படி.

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது.

தினமும் இரவு தானாக ஓடும் ஒரு கிரான் வேலை டேட்டாபேஸை டம்ப் எடுத்து, அதோடு ஸ்டாஷ் ஃபைலையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஸ்டோரேஜில் வைத்துக்கொண்டிருந்தது. சார் காலத்தில் அது தனி இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இடம் போதவில்லை என்று நடுவில் யாரோ திசை மாற்றிவிட்டார்கள். பீரோவைப் பூட்டிச் சாவியைப் பீரோ மேலேயே வைத்த கதை. டம்ப்பில் சாவிகள் மாஸ்டர் கீயால் மூடப்பட்டிருக்கின்றன, ஸ்டாஷ் அந்த மாஸ்டர் கீயேதான். இரண்டும் ஒரே ஆளிடம் கிடைத்தால் அவர் துணைவேந்தர் பெயரிலும் உள்ளே நுழையலாம், என் பெயரிலும் நுழையலாம். நுழைவு டிக்கெட்டுகளை மூடும் கணக்கான கேஆர்பிடிஜிடியின் சாவியும் அதில் இருக்கிறதே, எந்தப் பெயருக்கும் டிக்கெட் தானே அச்சடித்துக்கொள்ளலாம். அதைத்தான் விண்டோஸ் உலகத்தில் கோல்டன் டிக்கெட் என்கிறார்கள்.

"திருடு போனதா?" என்று கேட்டார்கள். போகவில்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அந்த ஸ்டோரேஜில் யார் எதைப் படித்தார்கள் என்ற பதிவே கிடையாது. ஆகவே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். செமஸ்டர் நடுவில் எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்வதா என்று முகம் சுளித்தார்கள். இத்தனை மாணவர்களின் கடிதமும் ஆராய்ச்சியும் மதிப்பெண்ணும் அந்த ஒரு ஃபைலில் தொங்குகிறது, அதைவிட செமஸ்டரா பெரிது? எனக்கு ஆத்திரத்தில் குரலே நடுங்கியது. கடைசியில் சுற்றறிக்கை வந்தது.

கேஆர்பிடிஜிடியை ஒரு ஞாயிறு காலை மாற்றினோம். சிபிடபிள்யூ மைனஸ் ராண்ட்கீ, கூடவே மைனஸ் கீப்ஓல்ட். அந்தக் கீப்ஓல்ட் இல்லாவிட்டால் அப்போது எல்லோர் கையிலும் இருக்கும் டிக்கெட் ஒரே நொடியில் செல்லாமல் போகும். பழைய டிக்கெட்டுகளின் ஆயுளும், புதுப்பிக்கும் கெடுவும் தீர்ந்த பிறகு பர்ஜ்கீஸ் அடித்துப் பழையதை எடுத்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. லேபில் யாரோ சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! உங்கள் டொமைனில் அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ஒருமுறை விசாரி. அங்கே முந்தைய சாவியையும் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் இடைவெளி விட்டு இரண்டு முறை மாற்ற வேண்டும்.

இப்போது டம்ப் ஒரு இடம், ஸ்டாஷ் எங்கேயும் பிரதி இல்லை. மாஸ்டர் பாஸ்வேர்டு உறையில் போட்டு அரக்கு வைத்து ரிஜிஸ்ட்ரார் அலுவலகப் பெட்டகத்தில். எல்லாவற்றையும் கையால் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எழுதியவளே படித்தால் விட்டுப்போனது எதுவும் கண்ணில் படாது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால், அந்தக் குறிப்பேட்டையும் உறையையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வெற்று இயந்திரத்தில் டேட்டாபேஸை எழுப்ப முடியுமா? அதை நான் சோதிக்க முடியாது. கெர்பரோஸ் தெரிந்த, ஆனால் இந்த சர்வரைத் தொடாத ஆள் வேண்டும். அந்த மாதிரி எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

பொங்கலுக்கு எப்படியும் வருவாய். போகிக்கு முந்தின வார சனிக்கிழமையே வந்துவிடு. லேப் காலியாக இருக்கும். நெட்வொர்க்கிலிருந்து கழற்றிய ஒரு இயந்திரம் தருகிறேன், டம்ப்பை லோட் பண்ணி, ஸ்டாஷ் எழுதி, கேடிசியை ஏற்றி, ஒரு சோதனைக் கணக்குக்கு டிக்கெட் வாங்கிக் காட்ட வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். கடிகாரத்தைச் சரி பார்க்க வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேனா என்பதைக்கூட இப்போது சொல்லமாட்டேன். அந்த ஆராய்ச்சி மாணவனையும் உட்காரவைக்க அனுமதி வாங்கிவிட்டேன், நீ திணறும் இடங்களை அவன் எழுதிக்கொள்வான்.

ரயில் டிக்கெட் இப்போதே போடு, பொங்கல் வாரம் கிடைக்காது. சார் வீட்டுக்கும் ஒரு நடை போய்வரலாம், அவருக்கு அந்த டிஇஎஸ் வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ரயில் என்று எழுது, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
வசந்தி