அமைதிப்படையில் போனவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய-இலங்கை ஒப்பந்த நாளை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ராஜீவ் காந்தி, ஜெயவர்த்தனே, பிரபாகரன், திலீபன் எல்லாரும் அதில் வருகிறார்கள். அந்த ஒப்பந்தப்படி இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் நின்ற சிப்பாய் மட்டும் ‘அட்டூழியம் செய்த படை’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறான். அந்தப் படையில் நானும் இருந்தேன். 1987 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்தில் இறங்கியபோது எனக்கு 23 வயது.

முதலில் யாழ்ப்பாணத்து ஜனங்கள் எங்களுக்கு மாலை போட்டார்கள். தமிழ் தெரியும் என்பதால் என்னைச் செக்போஸ்டில் நிறுத்தினார்கள். அவர்கள் பேச்சு எனக்கு எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்ப் பேச்சு மாதிரியே கேட்டது. சொன்னான் என்பதை இங்கே நாம் ‘பறைஞ்சான்’ என்போமே, அங்கேயும் பறைகிறதுதான். காலையில் புட்டு. அக்டோபரில் புலிகளோடு எங்களுக்குச் சண்டை தொடங்கிய பிறகு, அதே செக்போஸ்டில் ஓர் ஆச்சி என் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டார். “மோனை, நீ தமிழோ? பிறகேன் இவையளோட நிக்கிறாய்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அந்த வருஷத் தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் எங்கள் படையால் கொல்லப்பட்டார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் அதை மறையுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதை இன்னும் விரிவாகவே எழுதுங்கள்.

1990 மார்ச்சில் கப்பலில் சென்னைக்குத் திரும்பினோம். அன்றைய முதல்வர் கருணாநிதி படையை வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்ற கோபம் தமிழ்நாடு முழுக்க இருந்தது, அவர் அதைச் சொன்னார். சரி, அது அரசியல். எனக்குத் தாங்க முடியாமல் போனது ஊரில் நடந்ததுதான். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் யூனிபார்மோடு இறங்கி ஒரு டீ கேட்டேன். கிளாஸை நீட்டியவர் என் சட்டையைப் பார்த்தார். கிளாஸைத் திரும்ப இழுத்து டீயைத் தரையில் ஊற்றினார். “நம்ம ஆளுவள கொன்னுட்டு வந்து இங்க டீ குடிக்கியா?” சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கழிப்பறைக்குள் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டுதான் கருங்கல் பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மா கட்டிப்பிடித்து அழுதார். அப்பா மறுநாள் காலை என் டிரங்குப் பெட்டியைத் திண்ணைக்கு இழுத்து வந்தார். அதன் மேல் என் பட்டாள நம்பரும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் இருந்தன. ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை எடுத்து அதன் மேல் பூசினார். எழுத்து லேசாகத் தெரிந்தது. காயவிட்டு, மத்தியானம் இன்னொரு தடவை பூசினார். நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவர் அவர். தங்கைக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமும் அந்த மாதமே கைவிட்டுப் போயிற்று.

எனக்காவது உயிர் இருந்தது. தக்கலைப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான், கண்ணிவெடியில் போய்விட்டான். மகன் எங்கே இறந்தான் என்று யாராவது கேட்டால், “வடக்கே” என்றுதான் அவன் அம்மா சொல்வார். காஷ்மீர் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சாகும்வரை அப்படியே சொன்னார்.

1741-ல் திருவிதாங்கூர் படை டச்சுக்காரர்களோடு நடத்திய சண்டைக்காகக் குளச்சலில் தூண் நிற்கிறது. ஜூலை 31 அன்று பட்டாளத்தார் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். நல்ல காரியம், நானும் போய் நின்றிருக்கிறேன். இலங்கையில் இறந்த எங்கள் படையினர் சுமார் 1,200 பேருக்கு அந்த நாட்டுக்காரர்களே கொழும்பை ஒட்டிய கோட்டேயில், பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் கல் வைத்திருக்கிறார்கள். தக்கலைப் பையனுக்கு அவன் ஊரில் ஒன்றும் இல்லை. எங்களை அனுப்பியவர்கள் மேல் உள்ள கோபத்தை அவன் அம்மா ஏன் சுமக்க வேண்டும்?

அடுத்த ஜூலைக்குள் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். கருங்கல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் அமைதிப்படைக்குப் போய் வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திட்டுவதாக இருந்தாலும் எங்களிடம் நேரில் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். ஆச்சி கேட்ட கேள்வியையும் கேளுங்கள். தக்கலைப் பையனுடைய தம்பி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.