மகளுக்கு, மன்னார்குடியிலிருந்து

பாப்பா,

இங்கே எல்லாரும் சுகம். சம்பா அறுப்பு முடிஞ்சது. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு நெல்லைத் திருப்பிட்டாங்க. களத்துல மறுபடி காயுது. பொங்கலுக்கு லீவு இல்லேன்னு சொன்னே. சரி.

உங்க ஆபீஸ்ல ராஜினாமா கொடுத்தவங்களை நோட்டீஸ் முடியறதுக்குள்ளேயே ‘நாளையிலேருந்து வர வேண்டாம்’னு அனுப்பிடறாங்களாமே, அத்தை மகன் சொன்னான். உன்னைச் சொல்லலை. கூட வேலை பார்க்கிற பொண்ணுங்க யாருக்காவது உதவும்னு சித்தப்பாவைக் கேட்டு எழுதறேன்.

முதல்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிக்கணும். நோட்டீஸ், இல்லேன்னா அதுக்கு ஈடான சம்பளம்னு ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா எழுதியிருந்தா, முன்னாடியே அனுப்பினது அவங்கதானே, மிச்ச நாள் சம்பளத்தைக் கேட்கலாம். ஆனா ‘என் விருப்பப்படி சீக்கிரம் விடுவிக்கவும்’னு ஒரு மெயில் போடச் சொல்வாங்களாம். போட்டா அந்தப் பணத்தைக் கேட்க வாய் இருக்காது. போடக் கூடாது. வர வேண்டாம்னு சொன்னதை அவங்கதான் எழுத்துல தரணும்.

வேலை பார்த்த நாள் சம்பளம் ரெண்டு வேலை நாளுக்குள்ள வந்தாகணும். 2019 ஊதியச் சட்டத் தொகுப்புல இருக்கு, 2025 நவம்பர் 21லேருந்து நடைமுறை. ‘செட்டில்மென்ட் மெதுவாத்தான் வரும், கம்பெனி வழக்கம்’னா தலையாட்டக் கூடாது. 5 வருஷம் முடிச்சவங்களுக்கு கிராஜுவிட்டி உண்டு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 30 நாளுக்குள்ள. நீ போன ஆடியோட ஆறு வருஷம் முடிச்சுட்டே. நம்ம தெருவுல யாரு பொண்ணு ஒரே இடத்துல அப்படி நின்னா? பிஎஃப்பை எடுத்துச் செலவழிக்காம அடுத்த கம்பெனிக்கு மாத்திக்கணும்.

‘பாக்கி எதுவும் இல்லை’ன்னு கையெழுத்துக் கேட்பாங்க. பணம் பேங்க்ல ஏறின பிறகுதான் போடணும். நெல்லை எடை போட்டுட்டு பில் வாங்காம நான் என்னைக்காவது வீட்டுக்கு வந்திருக்கேனா? அந்த மெயிலை மட்டும் போட்டுடாதே.

எட்டாவது படிக்கும்போதே மிச்சச் சில்லறைக்குக் கண்டக்டரோட மல்லுக்கு நின்னவ நீ. இப்போ என்ன வாயடைச்சுப் போச்சு? அடுத்தவன் சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.

சித்தப்பா ஒண்ணும் கேட்கலை. அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை, ஆனா ரெண்டு நாளா போனையே பார்த்துக்கிட்டிருக்கா.

புது அரிசி ஒரு மூட்டை புதன்கிழமை பார்சல்ல ஏத்தி விடறேன். மத்தியானம்தான் கொண்டாந்து தருவாங்களாம். வீட்ல இருந்து வாங்கி வெச்சுக்கோ.

அப்பா